முதல் கத்தி வாங்க வந்தவர்

பதினோரு மாதம், சனிக்கிழமை தவறாமல், ஒருவர் என் கடைக்கு வந்தார். அந்தப் பதினோரு மாதத்தில் அவர் ஒரு சீப்புகூட வாங்கியதில்லை. இதை எந்தக் கடைக்காரனிடம் சொன்னாலும், "மூணாவது வாரமே வாசல காட்டியிருப்பேன்" என்பான். எனக்கும் முணுக்கென்று கோபம் வரும். ஆனால் அவரை மட்டும் ஒரு நாளும் போகச் சொன்னதில்லை. கடைசியில் அவரை வரவிடாமல் செய்ததும் நான்தான். அதுவும் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

ஓசூர் பாகலூர் ரோட்டில் சலூன் சாமான் கடை எனக்கு. கத்தரிக்கோல், டிரிம்மர், கழுத்தில் சுற்றும் காகித ரோல், தண்ணீர் அடிக்கும் பாட்டில், சுழல் நாற்காலி என்று சலூனுக்கு வேண்டிய எல்லாம் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் தொழில்காரர்கள். தளி, ஜவளகிரியிலிருந்து வருவார்கள். அஞ்செட்டிக்காரர்களுக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை என்பதால், சீட்டை நீட்டிவிட்டு நின்றபடியே வாங்கிப் போவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேரம் பேசத் தெரியாவிட்டால் அங்கே கல்லாவில் உட்கார முடியாது. தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள ஒரு கத்தி வேண்டும் என்று வந்து நின்ற முதல் ஆள் அவர்தான்.

ஐம்பதை நெருங்கிய வயது. ஆகாய நீலத்தில் கம்பெனிச் சட்டை. சட்டைப் பையில் ஒரு பேனா, ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல், கம்பெனி அடையாள அட்டை. பிளேடு ஷேவிங்தான் என்பது கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தாடைக்குக் கீழே சிவந்து சிவந்து பொரிந்திருந்தது.

"பாய், சவரக் கத்தி பாக்கணும். புதுசா பழகறவங்களுக்கு எது சரியா வரும்?"

"பிளேடு மாத்தற கத்திங்களா, தீட்டற கத்திங்களா சார்?"

"ரெண்டும் காட்டுங்க. வித்தியாசம் தெரியணும்."

தீட்டுகிற கத்தியை இப்போது எந்தச் சலூனிலும் எடுப்பதில்லை. ஒருவர் முகத்தில் பட்டதை இன்னொருவர் முகத்தில் வைக்கக்கூடாது என்று எல்லாரும் பிளேடு மாற்றுவதற்கு மாறி எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் பெங்களூரு மொத்த வியாபாரி ஒருவர், டிரிம்மர் பெட்டிகளோடு ஆறு மடக்குக் கத்திகளையும் என் தலையில் கட்டியிருந்தார். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் தேடி வந்து வாங்குகிறார்கள் என்று கதை வேறு. மூன்று வருஷமாக அவை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. விட்டது தொல்லை என்று ஆறையும் எடுத்துக் கண்ணாடி மேஜையில் பரப்பினேன்.

அவர் பேன்ட் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு அலகாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு கத்தியைக் கண்ணாடிமேல் படுக்கவைத்து, அதன் அடியில் என் பில் புத்தகத்துக் காகிதத்தைச் செருகினார்.

"இதுல பேப்பர் உள்ள போகுது பாய்."

"எந்தக் கத்தியில சார் போகாது?"

"இந்த முனையில போகுது. அந்த முனையில போகல. அலகு முறுக்கியிருக்கு. இதத் தீட்டினா ஒரு பக்கந்தான் கல்லுல படும்."

நான் வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். மூன்று வருஷம் வைத்திருந்த எனக்குத் தெரியாதது மூன்று நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்ததில் எனக்கு எரிச்சல். அவர் அதைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து நூல் கட்டிய சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து அந்தக் கத்தியின் பிடியில் கட்டினார். அன்று சாயந்தரத்துக்குள் மூன்று கத்திகளில் சிவப்பு, மூன்றில் பச்சை. என் கடையில், என் சரக்கில், என்னைக் கேட்காமல். அன்றே அவருக்கு 'லென்ஸ் சார்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

சிப்காட்டில் உதிரி பாகம் கடைகிற ஒரு கம்பெனியில் அவருக்குப் பரிசோதனை வேலை. எந்த உருப்படி புதிதாக ஓட ஆரம்பித்தாலும், மெஷினிலிருந்து வரும் முதல் பீஸை அவரிடம் கொண்டு வர வேண்டும். அவர் அளந்து பார்த்துப் பச்சை அட்டை கட்டிய பிறகுதான் மெஷின் மேற்கொண்டு ஓடும். அதுவரை ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவரைத் திட்டாத ஆபரேட்டர் இல்லை என்று அவரே சொன்னார், ஏதோ விருது வாங்கியதைச் சொல்வது போல.

"அவசரப்பட்டு ஒண்ண விட்டா, பின்னாடியே ஆயிரம் அதே மாதிரி வரும் பாய்."

கத்தி வாங்குவதற்கும் அதே வழிதான். பிளேடு மாற்றுவதா, தீட்டுவதா என்பதை முடிவு செய்ய ஐந்து சனிக்கிழமை பிடித்தது. பிளேடு மாற்றுவதில் பராமரிப்பு இல்லை. ஆனால் அலகு லேசு, கை கொஞ்சம் அழுந்தினாலும் வெட்டிவிடும். தீட்டுகிற கத்திக்குக் கனம் உண்டு. அந்தக் கனமே முகத்தில் வேலையைச் செய்துவிடும். நான் சொல்வதைக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போவார். அடுத்த வாரம் அதில் ஒரு சந்தேகத்தோடு வருவார்.

பிறகு முனை. சதுர முனை காதோரம் கோடு போட நல்லது. பழகாத கையில் அது காதையும் சேர்த்துக் கோடு போடும். புதியவருக்கு உருண்ட முனைதான் என்று நான் சொல்ல, அதற்கு இரண்டு வாரம். அதற்குப் பிறகு அகலம். எங்கள் பக்கம் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகத்தை நூல் என்போம். ஐந்து நூல் அகலமா, ஆறு நூலா? ஐந்து மூக்குக்கடியில் எளிதாகப் போகும். ஆறு நூல் அலகில் நுரை அதிகம் நிற்கும், அடிக்கடி துடைக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு மாதம் முழுசாகப் போயிற்று. நடுவில் அவர் ஸ்டீல் ஸ்கேலைக் கத்தியாக வைத்துக் கண்ணாடி முன் பழகத் தொடங்கியிருந்தார். இடது கன்னத்துக்கு இடது கையால் பிடிக்க வேண்டும் என்று நான் சொன்னதற்காக, இடது கையால் டீ குடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டையில் சிந்திக்கொள்வார்.

டீ நான்தான் வரவழைப்பேன். பக்கத்து டீக்கடைக்காரர் சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு, கேட்காமலே இரண்டு கிளாஸ் கொண்டு வந்து வைத்துவிடுவார். கல்லாவுக்கு எதிரில் ஒரு இரும்பு ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்தால் வியாபாரத்தையும் மறைக்க மாட்டார், அவருக்கு விசிறிக் காற்றும் வரும். சரக்கு வாங்க வந்தவர்கள் அவரை என் சொந்தக்காரர் என்று நினைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்ப வேண்டிய டிரிம்மர்களை அவர் பிரித்துப் பார்த்து, எதில் என்ன கோளாறு என்று அட்டை கட்டித் தருவார். அந்த அட்டையைப் பார்த்தால் மொத்த வியாபாரி மறுபேச்சுப் பேசாமல் மாற்றித் தந்துவிடுவார்.

தோல்வாருக்கு வந்தோம். கத்தியை ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் தோலில் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ஆணியில் மாட்டித் தொங்குகிற வாரா, மரப்பலகையில் ஒட்டிய வாரா? தொங்குவதைத் தளர்வாகப் பிடித்தால் அலகின் ஓரம் உருண்டுவிடும். புதியவருக்குப் பலகைதான் சரி. விலை குறைந்ததாகவே வாங்குங்கள், முதல் வாரை எப்படியும் வெட்டிக்கொள்வீர்கள் என்று உண்மையைச் சொன்னேன்.

"சாணைக்கல்லு?"

"அது இப்ப வேணாம் சார். புதுசா பழகறவங்க கல்லுல கை வெச்சா கத்திதான் கெடும். மழுங்கினா எங்கிட்ட கொண்டாங்க. நான் தீட்டித் தரேன்."

"எத்தன நாளைக்கு ஒருக்கா மழுங்கும் பாய்?"

"நல்லா பாத்துக்கிட்டா ஆறு மாசம் போவும். ஒரு வருசங்கூட தாங்கும்."

"ஓ," என்றார். அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அவர் எழுதிக்கொள்ளாமல் விட்டது எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

என் வாடிக்கையாளர் ஒருவர், மாலூர் பக்கத்துக்காரர், தாய்மொழி கன்னடம், எங்கள் தெருமுனையிலேயே சலூன் வைத்திருக்கிறார். ஒரு நாள் லென்ஸ் சார் கிளம்பிப் போன பிறகு, அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இவரு இங்க வர்றாரா பாய்? நம்ம கடைக்கு ஒரே தடவதான் வந்தாரு. பாதி ஷேவிங்குல எழுந்து போய்ட்டாரு."

"ஏன், வெட்டிட்டீங்களா?"

"அய்யோ, இல்ல பாய். சோப்புப் போட்டு ஒரு கன்னம் முடிச்சேன். சும்மா பேச்சுக்கு, 'மக்களு எஷ்டு ஜன சார்'னு கேட்டேன். எத்தன புள்ளைங்கன்னுதான். தமிழ்ல, 'வீட்டுல அம்மா சௌக்கியமா'ன்னும் கேட்டேன். ஏப்ரனக் கழட்டிக் கையில குடுத்துட்டு, சோப்போட போயிட்டாரு. முழு காசும் வெச்சுட்டுதான் போனாரு. அடுத்த கன்னத்துல நொரை அப்பிடியே இருந்துச்சி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்தவன் கையில் கழுத்தைக் கொடுக்க வேண்டும். அவன் கேட்பதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குக் கை ஓடினால் வாயும் ஓடும். அதற்காகத்தான் இவர் கத்தி பழக வந்திருக்கிறார். நான் அவரிடம் ஐந்து நூலா ஆறு நூலா என்பதைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை. அவருக்கு மனைவி இருக்கிறாரா, இருந்தாரா, பிள்ளைகள் உண்டா, எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது. என்னுடைய நாகரிகம் என்று அன்றைக்கு அதற்காக உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். நாகரிகமும் இல்லை, ஒன்றும் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் தாடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது.

ஒரு தடவை நோன்புப் பெருநாள் சனிக்கிழமையில் வந்தது. கடை அடைத்திருந்தேன். திங்கட்கிழமை டீக்கடைக்காரர் சொன்னார்: "உங்க சார் வந்து மூடியிருந்த கடை முன்னாடி அரை மணி நேரம் நின்னாரு பாய். டீ குடுத்தேன். வேணாம்னுட்டாரு." அடுத்த வாரம் அவர் வந்ததும் கேட்டேன்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாமே சார். போர்டுலயே நம்பர் இருக்குதே."

"அது கடை நம்பர் பாய்," என்றார். "சாமான் வேணும்னாதான அடிக்கறது?"

"போன்ல அமுக்கினா இந்தக் கத்தியெல்லாம் வீட்டுக்கே வருது சார் இப்ப," என்று கேலியாகச் சொன்னேன்.

"வரும். ஆனா அதுங்கிட்ட கேக்க முடியாதே." கொஞ்ச நேரம் காலி கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். "மத்த நாளு ஷிப்டுல போயிடுது பாய். சனிக்கிழமை சாயந்தரம் இருக்குதே, அதுதான் ரொம்ப நீளம். ஞாயித்துக்கிழமைகூடத் துணி தொவைக்கலாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? எனக்கு அது காதில் விழுந்தது. அதே நேரம் ஜவளகிரிக்காரர் ஒருவர் பிளேடு பெட்டி கேட்டார், எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் பிரஷ் பேச்சை ஆரம்பித்திருந்தார்.

பிரஷ்தான் கடைசிச் சாமான். பன்றி முடி பிரஷ் நான் வைப்பதில்லை. அவரும் அதைக் கேட்டதில்லை. மீதி இருந்தது நைலான் மாதிரியான செயற்கை முடியும், 'பேட்ஜர்' என்று வருகிற, விலை கூடின வளைக்கரடி முடியும். செயற்கை முடி சீக்கிரம் காயும், நாற்றம் வராது. மற்றது நுரையை நன்றாகப் பிடிக்கும். இரண்டையும் தண்ணீரில் நனைத்து, என் கடை சோப்பில் நுரை எழுப்பி, உள்ளங்கையில் வைத்து எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏழு வாரம் போயிற்று. எட்டாவது வாரம், "வெயில் காலத்துல ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணலாம் பாய்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர்மேல் கோபம் இல்லை. பாவம், முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கிறாரே என்றிருந்தது. சரக்கு வெளியே போனால்தான் ஒரு காரியம் முடிந்தது என்று நினைக்கிற புத்தி எனக்கு. அடுத்த சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் நானே எடுத்து வைத்தேன். பச்சை அட்டை கட்டியதில் அவருக்கு மிகவும் பிடித்த, உருண்ட முனை, ஆறு நூல் கத்தி. மூன்று நாள் உட்கார்ந்து கல்லில் தீட்டி, முன்கையில் முடி தானாக உதிரும்படி செய்தேன். பலகை வார், செயற்கை முடி பிரஷ், எவர்சில்வர் கிண்ணம், வட்ட சோப்பு, வெட்டினால் தடவ ஒரு படிகாரக் கட்டி. டிரிம்மர் வந்த பெட்டி ஒன்றில் அழகாக அடுக்கி, மேலே ஒரு ரிப்பனும் கட்டினேன்.

வந்து உட்கார்ந்தார். டீ வந்தது. பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"என்ன பாய் இது?"

"தெறங்க சார்."

திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். லென்ஸை எடுக்கவில்லை.

"நான் இன்னும் பிரஷ் முடிவு பண்ணலையே பாய்."

"நான் முடிவு பண்ணிட்டேன் சார்!" என்றேன், கடைக்கே கேட்கிற மாதிரி. "நம்ம அன்பளிப்பு. பர்ஸ உள்ள வைங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."

பெட்டியை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டார். டீயைக் குடித்தார், வலது கையால். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்க அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் மிச்சம் இல்லை. "ரொம்ப நன்றி பாய்," என்று எழுந்து போனார். வழக்கமாக ஏழு மணிவரை இருப்பவர், அன்று ஆறுகூட ஆகவில்லை.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் இல்லை. டீக்கடைக்காரர் மட்டும் மறக்காமல் இரண்டு கிளாஸ் வைத்தார். இரண்டாவதை நானே குடித்தேன். ஒரு மாதம் கழித்து ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். பில் போட்டிருந்தால் அதில் அவர் நம்பர் இருந்திருக்கும். அன்பளிப்புக்கு யார் பில் போடுவார்கள்? சும்மா கிடந்த ஸ்டூலில் டிரிம்மர் பெட்டிகளை அடுக்கினேன். கடையில் இடம் போதாது, வேறு ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் இல்லாமல் சனிக்கிழமை கசந்தது. என் கடையில் பொழுதுக்கும் ஆள் கூட்டம். விலை கேட்பார்கள், குறைக்கச் சொல்வார்கள், போவார்கள். ஒரு சாமானை அது என்ன, எப்படி, ஏன் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

நாலு மாதம் கழித்து, சூளகிரியில் ஒரு புதுச் சலூனுக்கு நாற்காலி இறக்கப் போகும்போது, ஹைவே ஓரம் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான். ஒரு கீறல் இல்லை. தாடைக்குக் கீழே அந்தப் பொரிப்பு போய், தோல் தெளிந்திருந்தது. முப்பது வருஷம் தொழில் செய்தவன்கூட அப்படி மழிக்க மாட்டான்.

"என்ன சார், ஆளையே காணோம்?"

"எல்லாம் சரியா இருக்கு பாய். கத்தி நல்லா இருக்கு. வாரும் இன்னும் வெட்டுப்படல. பிரஷ்கூட நீங்க எடுத்ததுதான் சரி." பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தார். "கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

சும்மா வாங்க சார், டீ சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை. என் வாயில் அது வரவில்லை. யாரையும் சும்மா வரச் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"மழுங்கினா கொண்டாங்க சார்," என்றேன்.

"கொண்டாரேன் பாய்."

பஸ் வந்தது, ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்டினார். புதிதாகப் பழகுகிறவர் எப்படியும் சீக்கிரம் அலகின் கூர்மையைக் கெடுத்துக்கொள்வார், இன்னும் ஒரு மாதத்தில் வந்து நிற்பார் என்று கணக்குப் போட்டேன். மாதம் ஒன்று போயிற்று, மூன்று போயிற்று, ஐந்தும் போயிற்று. அவருடைய கத்தி மழுங்குகிற கத்தி இல்லை. அத்தனை ஒழுங்காக வைத்துக்கொள்கிற மனிதர்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை வந்தார். கல்யாண சீசன். கடையில் நாலைந்து பேர். கன்னடக்கார சலூன்காரரும் கத்தரிக்கோல் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிச் சட்டை இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஸ்டூலைப் பார்த்தார். அதன்மேல் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். நின்றுகொண்டார். மஞ்சள் துணியில் சுற்றியிருந்த கத்தியைப் பிரித்து மேஜையில் வைத்தார். அவர் கட்டிய பச்சை அட்டை அப்படியே இருந்தது.

"மழுங்கிடுச்சி பாய்."

நான் அதை வாங்கி விரித்தேன். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, முன்கையில் ஒரு இழுப்பு. முடி சத்தமில்லாமல் வந்தது. இன்னொரு இழுப்பு. ஒரு ரூபாய் அகலத்துக்குக் கை மொழுக்கென்று ஆகிவிட்டது.

"சார்! இதப் போயி மழுங்கிடுச்சின்றீங்களே!" கையை எல்லாருக்கும் காட்டினேன். "பாருங்கய்யா, தொழில்காரங்க நீங்க யாராச்சும் இப்பிடி வெச்சிருக்கீங்களா? சார், இதுல கல்லு வெச்சா பாவம். இன்னும் ஆறு மாசத்துக்குக் கவலையில்ல."

வேலை இல்லாத இடத்தில் வேலை செய்து காசு வாங்காத நாணயமான கடைக்காரன் நான். அந்தப் பெருமை என் குரலில் இருந்தது.

"அப்பிடியா," என்றார். "நான்தான் சரியா பாக்கல போல." கத்தியை மடித்து, துணியைப் பழைய மடிப்பு மாறாமல் சுற்றினார். "அப்ப வேல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல சார். தைரியமா எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனார்.

நான் அடுத்தவருக்கு ஏப்ரன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்த சலூன்காரர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏன் பாய், அது மழுங்கலன்னு அவருக்குத் தெரியாதா?"

கையிலிருந்த ஏப்ரனை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். ஷேர் ஆட்டோக்கள், சிப்காட்டிலிருந்து வருகிற பைக்குகள், ஒரு சரக்கு லாரி. எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எங்கும் வெள்ளைச் சட்டைகள்தான்.

எத்தனையோ வருஷம் முதல் பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தவர். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் மெஷினை நிறுத்தியவர். அப்படிப்பட்டவர், நன்றாக இருக்கிற ஒன்றை மழுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றார். நான் அதைச் சோதித்துப் பார்த்து, தவறு என்று நிரூபித்து, கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஸ்டூலைக் காலி செய்தேன். டீக்கடைக்காரரிடம் மறுபடியும் இரண்டு கிளாஸ் சொன்னேன். லென்ஸ் சார் வரவில்லை. அவருடைய கம்பெனி சூளகிரிப் பக்கம் புது இடத்துக்கு மாறிவிட்டது, கம்பெனி பஸ் இந்த ரோட்டில் வருவதில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதையும் அவர் அன்றைக்கு ஒருவேளை சொல்ல நினைத்திருக்கலாம். உட்கார ஓர் இடம் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அவர் கத்தியோடு வந்துபோன அன்று ராத்திரி, வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போது என் மனைவி பார்த்தாள்.

"என்னாங்க, இந்த எடத்துல மட்டும் முடியே இல்ல?"

"ஒருத்தர் கத்தி மழுங்கிடுச்சின்னு கொண்டாந்தாரு. சோதிச்சேன்."

"மழுங்கியிருந்திச்சா?"

"ஆமா," என்றேன். "ரொம்ப மழுங்கியிருந்திச்சி. அடுத்த சனிக்கிழமை வாங்க சார்னு சொன்னேன்."

அவள் மொழுக்கென்றிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.